கழித்துப்போட்ட தேக்கு

அமரபுரத்தில் தவுந்தமன் ஏரியின் குறுக்கே நிற்கும் ஊ பெய்ன் பாலத்துத் தூண்கள், பாலத்துக்கென்று காட்டில் வெட்டி வந்தவை அல்ல. அவற்றில் பெரும்பங்கு முதலில் ஓர் அரண்மனையைத் தாங்கி நின்றது. ஐராவதிக் கரையில் இருந்த அவா, பர்மிய மன்னர்களின் தலைநகரம். 1839 மார்ச்சில் வந்த நிலநடுக்கம் அந்த ஊரைக் குலைத்துப் போட்டது. சில ஆண்டுகளில் தாராவதி மன்னர், முன்பொரு காலம் தலைநகராக இருந்து கைவிடப்பட்ட அமரபுரத்துக்கே சிங்காதனத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அவாவின் பழைய அரண்மனை மரம் கேட்பாரற்றுக் கிடந்தது. அடுத்து வந்த பாகன் மன்னர் காலத்தில், நகர நிர்வாகத்தில் இருந்த ஊ பெய்ன் என்ற அதிகாரி அந்த மரத்தைக் கொண்டுவந்து ஏரியில் நட்டார். 1849-ல் தொடங்கி 1851-ல் வேலை முடிந்தது. அவர் இஸ்லாமியர் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். புத்த கோயிலுக்கும் மடாலயத்துக்கும் போகிற வழியை ஓர் இஸ்லாமியர் போட்டுக் கொடுத்தார் என்பதை அவர்கள் பெருமையாகவே சொன்னார்கள். பிற்காலத்தில் அந்த நாட்டில் இஸ்லாமியர்களுக்கு நடந்தவற்றைப் பார்க்கும்போது, அந்தப் பெருமையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நான் அமரபுரத்தில் பிறந்தவள். 1964-ல் அங்கிருந்து வெளியேறியபோது எனக்குப் பதின்மூன்று வயது. பர்மாவை விட்டு வந்த எங்கள் தலைமுறையில் பலரும் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் ரங்கூனைப் பற்றி, கப்பலைப் பற்றி. எனக்கு எழுத வேண்டியிருப்பது அந்த மரப்பாலத்தைப் பற்றி. எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததெல்லாம் அதன் ஒரு முனையிலோ மறுமுனையிலோதான் நேர்ந்தது.

பாலம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளம். 1,086 தூண்கள், 482 கண்கள். கட்டியவர்கள் நூல் பிடித்து அளக்கவில்லை, காலடி எண்ணி அளந்தார்கள். பாலம் நேர்க்கோடாகப் போகாது, நடுவில் வளையும். காற்றும் வெள்ளமும் ஒரே பக்கமாக மோதித் தள்ளாமல் இருக்க அந்த வளைவு. தூண்களை ஏழடி ஆழத்துக்கு ஏரிச் சேற்றில் அடித்து இறக்கினார்கள். மேல் நுனியைக் கூம்பாகச் செதுக்கிவிட்டதால் மழைநீர் தங்காமல் வழிந்துவிடும். ஒன்பது இடங்களில் பலகைகளைத் தூக்கி எடுத்துப் படகுக்கு வழிவிடலாம். வழியில் நான்கு சாவடிகள், கூரை போட்டவை. கைப்பிடிச் சுவர் கிடையாது. இருபுறமும் தூண்களின் தலைகள் மட்டும் இடுப்பளவு நீட்டிக்கொண்டிருக்கும். குடிகாரர்கள்கூட அந்தப் பாலத்தில் நேராக நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மேற்குக் கரையில் மஹாகந்தாயோன் மடாலயம். கிழக்குக் கரையில் பாகன் மன்னர் 1847-ல் கட்டிய சௌதாஜி பகோடாவும் தவுந்தமன் கிராமமும். அந்தப் பகோடா, பாகன் நகரத்து ஆனந்தா கோயிலைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். உள்ளே நுழைவாசல் கூரைகளில் பழைய ஓவியங்கள்: நட்சத்திரங்கள், பகோடாக்கள், ஆற்றில் படகுகள், வேலை செய்யும் மனிதர்கள். பள்ளி விடுமுறையில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நின்றிருக்கிறோம். அரசர்களைவிட அந்தச் சில்லறை மனிதர்களை வரைந்தவர் யாரோ, அவர் கைக்கு உயிர் இருந்தது.

அமரபுரம் நெசவாளர் ஊர். எந்தச் சந்தில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். பட்டில் அலை அலையாக நெய்யும் 'அச்செய்க்' லுங்கிகள் அங்கேதான் பேர் பெற்றவை. அப்பா அந்த நெசவாளர்களுக்கு நூலும் சாயமும் விற்றார். சிறு வயதில் சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, மாந்தளையில் இருந்த ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கிக்குப் பெட்டியடிப் பையனாக வந்தவர் அவர். பதவி உயர்ந்து அடுத்தாளாகும் முன்பே யுத்தம் வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 3, பெரிய வெள்ளிக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் மாந்தளையில் குண்டு போட்டன. நகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. அதே மாதக் கடைசியில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஐராவதி மேல் இருந்த அவா இரும்புப் பாலத்தின் இரண்டு கண்களை வெடிவைத்துத் தகர்த்தது. 1934-ல் கட்டிய பாலம், ஏறத்தாழ எட்டு வருஷம்தான் முழுசாக நின்றது. அப்பா அதற்கு முன்பே ஆற்றைத் தாண்டி, மோன்யுவா, கலேவா, தமு வழியாக இம்பாலுக்கு நடந்துவிட்டார். அந்த வருஷம் பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர்கள் லட்சக்கணக்கானவர்கள். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்களை எண்ணியவர் யாருமில்லை. அந்த நடையைப் பற்றி அப்பா பேசவே மாட்டார். ஒன்றே ஒன்று சொல்வார்: கிளம்பின நாளில் கிட்டங்கிக் கணக்குப் பேரேட்டை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை மேலாளிடம் கொடுத்ததாக.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது மாந்தளை அரண்மனை இல்லை. 1945 மார்ச்சில், கோட்டைக்காக நடந்த சண்டையில் அது எரிந்து சாம்பலாகிவிட்டது. அந்த அரண்மனையின் கதையும் எங்கள் ஊரோடு சேர்ந்ததுதான். 1850-களின் இறுதியில் மிண்டோன் மன்னர் அமரபுரத்தை விட்டு மாந்தளைக்கு மாறியபோது, அமரபுரத்து அரண்மனையைப் பிரித்து யானைகள் மேல் ஏற்றிக் கொண்டுபோய்ப் புதிய ஊரில் மறுபடி நிறுத்தினார். மதில் செங்கல்கள் பின்னால் சாலைக்கும் ரயில் பாதைக்கும் போயின. ஊரே கழற்றி எடுத்துச் செல்லப்பட்டது என்றால் மிகையில்லை. மன்னர் எடுத்துப்போன தேக்கு மாந்தளையில் மெருகேறிப் பொன்பூசி நின்றது, கடைசியில் எரிந்தது. மிண்டோன் உயிர்விட்ட மாளிகையில் அவரது ஆவி உலவுகிறது என்று அஞ்சிய மகன் தீபா, அதைப் பிரித்துக் கோட்டைக்கு வெளியே தள்ளி மடாலயமாக்கச் சொன்னார். அரண்மனையின் பெரிய மரக் கட்டடங்களில் பிழைத்தது வெளியே தள்ளப்பட்ட அந்த ஒன்றுதான். ஷ்வேநந்தோ மடாலயம் என்று இன்றும் மாந்தளையில் இருக்கிறது. இன்னும் முன்னால் அவாவில் கழித்துப்போட்ட மரம் ஏரியில் நின்றது, அதுவும் பிழைத்தது. தீபாவை 1885-ல் பிரிட்டிஷார் பிடித்துக் கப்பலேற்றி முதலில் நம் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள்; பிறகு ரத்னகிரி. அப்பா இதையெல்லாம் பாலத்துச் சாவடியில் உட்கார்ந்து சொல்லுவார். அவர் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். ஆனால் எந்த மரம் எங்கே போயிற்று என்பது அவருக்குக் கணக்குப் போல மனப்பாடம்.

திரும்பி வந்த அப்பா கிட்டங்கிக்குப் போகவில்லை. செட்டியார்களின் கொடுக்கல் வாங்கல் அங்கே ஓய்ந்துபோயிருந்தது. நிலங்கள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவர் அமரபுரத்தில் மேற்குக் கரைப் பக்கம் ஒரு சிறு கடை பிடித்தார். அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தார். தம்பியையும் வரவழைத்துக்கொண்டார். அந்தச் சித்தப்பா தவுந்தமன் கிராமத்து நெசவுக்காரப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அக்கரையிலேயே தங்கிவிட்டார். ஆகவே எங்களுக்குப் பாலம் என்பது கடைக்கும் சித்தப்பா வீட்டுக்கும் இடையில் இருந்த தெரு.

வாரக் கடைசியில் அப்பா சைக்கிளின் பின்னால் நூல் கட்டுகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போவார். பாலத்தில் சைக்கிள் ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நான் பின்னால் நூலைப் பிடித்தபடி நடப்பேன். பலகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் கொடுக்கும். ஆணி கழன்றது தடதடக்கும், புதிதாக மாற்றியது ஊமையாக இருக்கும். எதிரே பொங்ஜிகள் என்கிற புத்த பிக்குகள் காவித் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார்கள்; அவர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். முகத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் தலையில் கூடையோடு, கையை வீசிக்கொண்டு, கீழே பார்க்காமல் போவார்கள். ஆடி ஆவணியில் ஐராவதி பொங்கி ஏரி நிறையும்போது தண்ணீர் பலகைக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். மாசி பங்குனியில் ஏரி வற்றிப் பாலத்துக்கு அடியிலேயே உழவு நடக்கும். கடலை, சோளம், காய்கறி. மேலே நாங்கள் நடக்க, கீழே மாடுகள் ஏர் இழுக்கும். அந்தத் தூண்கள் நூறு வருஷத்துக்கு மேல் நின்றதற்கு இதுவும் காரணம் என்று ஊரில் தச்சர்கள் சொல்வார்கள். பாதி வருஷம் நனையும், பாதி வருஷம் காயும். தேக்கு இரண்டையும் தாங்கும்.

தவுந்தமனில் அப்பாவை எல்லாரும் "ஊலே" என்றார்கள், மாமா என்பதுபோல. நூலைக் கடனுக்குத்தான் கொடுப்பார். நெய்து, விற்று, பிறகு பணம். ஒவ்வொரு நெசவாளர் பேரிலும் பேரேட்டில் ஒரு பக்கம். தமிழில் எழுதியிருப்பார், பர்மியப் பெயர்களைத் தமிழ் எழுத்தில். அந்தக் கணக்கை அவரைத் தவிர யாரும் படிக்க முடியாது. ஆனால் அவர் வாசிக்கிற தொகையை எதிர்த்து ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

1962 மார்ச் 2-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எங்கள் ஊரில் அன்று எதுவும் மாறவில்லை. அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமை ஆயின. அது பெரிய ஆட்களின் கவலை என்று அப்பா சொன்னார். 1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகளை எடுத்தார்கள். அப்போது அம்மா, "நம்ம ஊருக்கும் வருமா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் சாயப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 9-ஆம் தேதி அது நாடு முழுக்க வந்தது.

காலையில் அப்பா கடை திறந்து சாமிப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு வண்டியில் நான்கைந்து பேர் வந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். உள்ளே வந்தவர் மரியாதையாகவே பேசினார். இனி இது மக்கள் கடை என்றார். இருப்பை எண்ணி எழுதினார்கள். நூல் எத்தனை கட்டு, சாயம் எத்தனை டப்பா, தராசு, நாற்காலி, விளக்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். பேரேடுகளையும் எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் கடைக்குள் நின்றதால் அதுவும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மதியத்துக்குள் வாசலில் ஒரு எண் போட்ட பலகை தொங்கியது. அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார். அவர் நடந்து வருவதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது.

அந்த ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வழக்கம்போல வந்தது. தெருவில் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி விளையாடினார்கள். என் வயதுப் பெண்கள் வந்து கூப்பிட்டார்கள். அம்மா போகச் சொன்னார். முழுக்க நனைந்து திரும்பி வந்தபோது, வீட்டில் தவுந்தமனிலிருந்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த நினைவுக் குறிப்பை நான் எழுத முக்கியக் காரணம் அந்த ஆட்கள். தறிகளெல்லாம் நின்றுபோயிருந்தன. நூல் முத்திரை வைத்த கடைக்குள் கிடந்தது; திறந்துவிட உத்தரவு எங்கிருந்தோ வர வேண்டும். பாவு ஓட்டி முடித்தவர்களுக்கு ஊடை இல்லை. அவர்கள் வீட்டிலும் உலை கொதிப்பது சந்தேகம்தான். ஆனாலும் பொழுது சாய்ந்த பிறகு, ஒருவர் இருவராகப் பாலத்தைக் கடந்து வந்தார்கள். வந்து, அப்பாவுக்குத் தர வேண்டிய பாக்கியைக் கொடுத்தார்கள். பேரேடு அப்பாவிடம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அது யார் கையில் இருந்தாலும் அதை யாராலும் படிக்க முடியாது என்பதும் தெரியும். "என் பேரில் இவ்வளவு இருந்தது ஊலே" என்று அவர்களே தொகையைச் சொன்னார்கள். ஒருத்தர் சொன்ன தொகை தவறு என்று அப்பா தடுத்தார். குறைத்துச் சொன்னதால் அல்ல. ஏற்கெனவே கொடுத்துவிட்டதைச் சேர்த்துச் சொன்னதால். இரண்டு பேரும் பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் அம்மா வந்து பாதியை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

எல்லாராலும் கொடுக்க முடியவில்லை. முடியாதவர்களில் ஒரு மூதாட்டி, பணத்துக்குப் பதிலாகத் தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த பட்டு லுங்கி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வைத்திருந்த கடைசி நூலில் நெய்தது. விற்றால் அவர் வீட்டுக்கு ஒரு மாத அரிசி. அம்மா வாங்க மறுத்தார். அவர் அதைத் தூங்கிக்கொண்டிருந்த என் தம்பியின் மேல் போர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்தியாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. எங்கள் தாள்கள் இந்தியத் தாள்கள். வருஷா வருஷம் அயல்நாட்டார் பதிவைப் புதுப்பித்து வந்த குடும்பம். சித்தப்பா குடும்பம் அங்கேயே இருந்துகொண்டது. வந்து சேர்ந்த பாக்கிப் பணமெல்லாம் சிறு சிறு நோட்டுகள், கசங்கியவை, சாயக் கறை பட்டவை. வழியில் பத்திரமாக எடுத்துப்போகத் தோதாக, அப்பா அவற்றைத் தெரிந்தவர்களிடம் கொடுத்து ஐம்பதும் நூறுமான நோட்டுகளாக மாற்றிக்கொண்டார். மே 17-ஆம் தேதி, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று வானொலியில் அறிவித்தார்கள். குறித்த நாளுக்குள் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். கைக்குத் திரும்பி வந்தது சொற்பம்.

அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கடை போனபோது அவர் அழவில்லை. "அது அவங்க காசு, அவங்க கொண்டாந்து குடுத்த காசு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சித்தப்பா வந்து, "அண்ணே, அவங்களுக்கு இது தெரிய வேண்டாம்" என்றார். ஊரில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்றுதான் நம்புகிறேன்.

கிளம்புவதற்கு முன்தினம் சித்தப்பா வீட்டில் சாப்பாடு. ஏரி வற்றி, பாலத்துக்கு அடியில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது அப்பா பாலத்தை விட்டுக் கீழே இறங்கி, ரயிலில் தின்ன ஒரு படி பச்சைக் கடலை வாங்கினார். விலை பேசினார். விற்றவர் கொசுறு போட்டார். மண் உதிராத அந்தக் கடலையை ரங்கூன் போகிற ராத்திரி முழுக்க நானும் தம்பியும் உரித்துத் தின்றோம்.

ரங்கூனில் கப்பலுக்குக் காத்திருந்ததையும் துறைமுகத்தில் நடந்த சோதனையையும் விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெண்களின் காதிலும் மூக்கிலும் இருந்தவை போயின. அம்மா அந்தப் பட்டு லுங்கியைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். துணி என்பதால் விட்டுவிட்டார்கள். சென்னையில் இறங்கி, முகாமில் அதைக் கிழித்து எனக்கு இரண்டு பாவாடை தைத்தார். அவை கிழியும் வரை கட்டினேன். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவிலிருந்து இப்படி வந்து சேர்ந்தார்கள். பர்மா பஜார், வியாசர்பாடிக் குடியிருப்பு, அத்தோ நூடுல்ஸ் வண்டிகள் எல்லாம் பிறகு வந்த கதை, சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா ஒரு மாவு மில்லில் கணக்கெழுதினார். அவா இரும்புப் பாலத்தை 1954-ல் பழுது பார்த்துத் திறந்தபோது போய்ப் பார்த்து வந்ததைப் பேரன்களிடம் சொல்லுவார். மரப்பாலத்தை யாரும் திறந்துவைத்து அவர் பார்த்ததில்லை. அது எப்போதும் திறந்தே கிடந்தது.

நான் மறுபடி அமரபுரம் போனது 2013-ல், தை மாதத்தில். நாடு வெளியாருக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்த வருஷங்கள் அவை. பாலத்தில் நடக்க இடமில்லை. எல்லா நாட்டுக்காரர்களும் கேமராவோடு நின்றார்கள். பொழுது இறங்கும் நேரத்தில் ஏரியில் வரிசையாகப் படகுகள், அதில் உட்கார்ந்து பாலத்தைப் படமெடுக்கிறவர்கள். கரையில் சாப்பாட்டுக் கடைகள், பொரித்த மீனும் இறாலும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஊருக்குச் சம்பாத்தியம் வந்தது. சித்தப்பா மகனின் பிள்ளைகளே அங்கே படகு ஓட்டினார்கள்.

என் நெஞ்சைப் பிசைந்தது வேறு. தையில் ஏரி வற்றத் தொடங்கியிருக்க வேண்டும். தண்ணீர் தளும்பி நின்றது. மீன் வளர்ப்புக்காக நீரை வெளியேறவிடாமல் தேக்குகிறார்கள் என்றான் சித்தப்பா மகன்; அவனும் எனக்குத் தம்பிதான். பாலத்துக்கு அடியில் உழவு குறைந்துவிட்டிருந்தது. தூண்கள் வருஷம் முழுக்க ஊறின. தண்ணீர் மட்டத்தில் ஒவ்வொரு தூணும் இடை சிறுத்திருந்தது. கை வைத்தால் உதிர்ந்தது. சில இடங்களில் தேக்கை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தூண் போட்டிருந்தார்கள். சில தூண்கள் மேலே மட்டும் சட்டத்தைப் பிடித்துத் தொங்கின, கீழே ஒன்றுமில்லை.

பழைய மரத்தை மாற்றவே கூடாது என்று சொல்லுகிறவள் அல்ல நான். அந்தப் பாலம் நின்றதே மாற்றி மாற்றித்தான். பலகை போனால் பலகை, ஆணி போனால் ஆணி, அந்தந்த வருஷம் யாராவது ஒரு தச்சர். நடப்பவர்களே பார்த்துச் சொல்வார்கள், புண்ணியம் என்று யாராவது காசு கொடுப்பார்கள். ஆனால் ஏரி வற்றாமல் தடுப்பது அந்த வேலையை எல்லாம் வீணாக்கிவிடும். கான்கிரீட் தூண் தண்ணீரில் அழுகாது, சரி. அதன்மேல் நிற்கிற மரச்சட்டம் அசையும்போது இது அசையாது. ஒன்று கொடுக்க, ஒன்று விறைக்க, பொருத்துகள் விட்டுப்போகும். நான் பொறியாளர் அல்ல. அங்கே நின்று எனக்கு அதை விளக்கிய கிழத் தச்சர் ஆயுள் முழுக்க அந்தப் பாலத்தில் ஆணி அடித்தவர். மீன் குத்தகையால் வருகிற காசைவிட அவர் சொன்னதற்கு மதிப்பு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏரியைக் கோடையில் வற்றவிட வேண்டும். இதை அப்போது சந்தித்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

தவுந்தமனில் தறிகள் இருந்தன, குறைவாக. எங்களுக்குப் பாக்கி கொண்டுவந்து கொடுத்தவர்களில் ஒருவரின் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் வீட்டில் பச்சைத் தேயிலை ஊறலும் சாயாவும் கொடுத்தார்கள். பிறகு பாலத்தைக் கடந்து வந்து, அப்பாவின் கடை இருந்த இடத்தைக் காட்டினார். அப்போது அங்கே செல்பேசி விற்றார்கள். அந்த நோட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு நாடு மூடிக்கொண்டது. அமரபுரத்தில் இருக்கும் அந்தத் தம்பியோடு பேசுவதே அரிதாகிவிட்டது. பேசினாலும் அரிசி விலை, மின்சாரம் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதோடு முடிந்துவிடும். மற்றதைத் தொலைபேசியில் பேசக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, நண்பகல் கழிந்த நேரம். 7.7 அளவில் நிலநடுக்கம். சகாயிங் பிளவு என்று பூமிக்குள் ஓடும் அந்தக் கோடு எங்கள் ஊருக்கு அருகிலேயே போகிறது. 1839-ல் அவாவை விழுங்கிய அதே மார்ச் மாதம். ரமலானின் கடைசி வெள்ளி என்பதால் பள்ளிவாசல்கள் நிறைந்திருந்தன. பல இடங்களில் தொழுகையில் இருந்தவர்கள் மேலேயே அவை இடிந்தன. மடாலயங்களும் விழுந்தன. இறந்தவர்கள் 3,000-க்கும் அதிகம். அவா இரும்புப் பாலம் இந்த முறை தானாகவே ஆற்றில் விழுந்தது. அப்பா திறப்பைப் பார்த்த அந்தப் பாலத்தின் கண்கள் பல தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் படம் என் கைப்பேசிக்கு வந்தது. மரப்பாலம் விழவில்லை.

சில நாட்கள் கழித்துத் தம்பியின் குரல் கேட்டது. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். வீடு போயிருந்தது. கீழே செங்கல், மேலே மரம் என்று கட்டிய வீடு. செங்கல் உதிர, மரக்கூடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் பிழைத்தோம் என்றான். வெட்டவெளியில் தார்ப்பாய் போட்டுத் தூங்கினார்கள். விழுந்த வீடுகளிலிருந்தும் மடாலயத்திலிருந்தும் தேக்கை உருவி எடுத்து, ஆணி பிடுங்கி, நீளவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். எது யாருடைய மரம் என்று சண்டை வரவில்லையா என்று கேட்டேன். முழு நீளமாகக் கிடைத்ததை முதலில் குழந்தைகள் இருக்கிற வீடுகளுக்குக் கொடுப்பது என்று பேசி வைத்துக்கொண்டோம் என்றான். தனக்கு இரண்டு தூண் வந்திருப்பதாகவும், அதில் ஒன்றில் பழைய துளைகள் இருப்பதாகவும், எந்த வீட்டில் எந்தக் காலத்தில் போட்ட துளையோ, அதிலேயே உத்தரத்தைப் பொருத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

"அக்கா, மரத்துக்குக் குறையில்லை. கூரைத் தகரம்தான் விலை ஏறிப்போச்சு. மழைக்கு முன்னாடி போட்டாகணும். அதுக்கு மட்டும் ஏதாச்சும் அனுப்ப முடியுமா?"

முடியும் என்றேன். எத்தனை தகடு வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.